நல்ல பீஃப் டிப் எங்கே கிடைக்கும்? லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓவனில் முழுத் துண்டாக வாட்டிய மாட்டிறைச்சியை மெல்லிய இதழ்களாகச் சீவி, நீண்ட பிரெஞ்சு ரொட்டிக்குள் அடுக்கி, இறைச்சி வெந்தபோது வடிந்த சாற்றில் தோய்த்து உண்ணும் சாண்ட்விச்தான் பீஃப் டிப். கனடாவின் மேற்கு மாகாணங்களில் உள்ள பப்களில் இது பீஃப் டிப் என்ற பெயரிலேயே கிடைக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் பிரெஞ்சு டிப் என்று எழுதியிருப்பார்கள். பெயரில் பிரான்ஸ் இருந்தாலும் இதன் சொந்த ஊர் லாஸ் ஏஞ்சல்ஸ் என்பதால், இந்நகரில் புதிதாகக் குடியேறியவர்களை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. வேறு ஊரில் இருப்பவர்களுக்கும் முதல் படியைத் தவிர மற்ற படிகள் அப்படியே பொருந்தும்.

இறைச்சி, ரொட்டி, சாறு என்னும் மூன்று பொருள்களே கொண்ட இந்த எளிய பண்டத்தை ஏன் தேடித் திரிய வேண்டும் என்று தோன்றலாம். ஏறக்குறைய ஒவ்வொரு டைனரிலும் பப்பிலும் இது பட்டியலில் இருக்கிறது என்பதும், அவற்றில் பல கடைகளில் இறைச்சியே வாட்டப்படுவதில்லை என்பதும்தான் சிக்கல். வெந்து சீவப்பட்ட இறைச்சி பொட்டலமாக வந்து இறங்குகிறது. சாறு என்ற பெயரில் தருவது பொடியையோ விழுதையோ வெந்நீரில் கரைத்த உப்புக் கரைசல். இறைச்சியை வாட்டாத கடையில் இறைச்சிச் சாறு இருக்க முடியாது. ஆகவே நல்ல பீஃப் டிப்பைத் தேடுவது என்பது, தன் அடுப்பில் தானே இறைச்சி வாட்டும் கடையைத் தேடுவதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அதைக் கண்டறிவதற்கான வழிகளே.

முதல் படி: மூலக்கடையில் ஒருமுறை உண்ணுங்கள்

ஒப்பிட ஓர் அளவுகோல் கையில் இல்லாமல் பத்துக் கடை ஏறி இறங்குவதில் பயனில்லை. நகர மையத்தில், யூனியன் ஸ்டேஷன் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், அலமீடா தெருவில் இருக்கும் ‘பிலிப் தி ஒரிஜினல்’ உணவகத்திலிருந்து தொடங்குங்கள். பிலிப் மாத்யூ என்ற பிரெஞ்சுக்காரர் 1908-ல் தொடங்கிய கடை இது. 1918-ல் ஒரு காவலருக்குச் சாண்ட்விச் தயாரித்துக்கொண்டிருந்தபோது, ரொட்டி கை தவறி, ஓவனிலிருந்து எடுத்த தட்டின் சூடான சாற்றில் விழுந்தது என்றும், அவர் அதை அப்படியே வாங்கிச் சென்று மறுநாள் நண்பர்களுடன் வந்து அதுபோலவே கேட்டார் என்றும் இக்கடையினர் சொல்லி வருகிறார்கள். 1927-ல் கடை மார்ட்டின் குடும்பத்தாரிடம் கைமாறியது. நெடுஞ்சாலைப் பணிக்காகப் பழைய இடத்தை விட்டு 1951-ல் இன்றைய கட்டடத்துக்கு வந்தது.

இங்கே மேசைக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். நீண்ட கவுண்ட்டரின் பின்னே இறைச்சி சீவும் ஊழியர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்களில் ஒருவருக்கு முன் உள்ள வரிசையில் நின்று, எந்த இறைச்சி என்பதையும் எவ்வளவு தோய்க்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கிள் என்றால் லேசாக, டபுள் என்றால் நன்றாக, வெட் என்றால் ரொட்டி முழுவதும் ஊறும்படி தோய்த்துத் தருவார்கள். முதல் முறைக்கு டபுள் போதும். மரத்தூள் தூவிய தரையும், முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து அமரும் நீண்ட மேசைகளும் இக்கடையின் அடையாளங்கள். மேசை மீது இருக்கும் கடுகு விழுது அவர்கள் தாமே அரைப்பது. நம் ஊர்க் காரத்துக்குப் பழகிய நாக்கு என்ற தைரியத்தில் அதைத் தாராளமாகப் பூசிவிடாதீர்கள், அதன் காரம் நாக்கில் நிற்காமல் நேராக மூக்குக்கு ஏறும். டாட்ஜர் ஸ்டேடியம் அருகில் இருப்பதால் பேஸ்பால் ஆட்டம் உள்ள நாள்களில், ஆட்டத்துக்கு முந்தைய சில மணி நேரம் கூட்டம் வாசலைத் தாண்டும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பீஃப் டிப்பை முதலில் செய்த பெருமைக்கு உரிமை கோரும் இன்னொரு கடையும் உண்டு. பழைய சிவப்பு நிற டிராம்களின் முனையமாக இருந்த பசிபிக் எலெக்ட்ரிக் கட்டடத்தில், அதே 1908-ல் தொடங்கிய ‘கோல்ஸ்’ என்ற மதுக்கூட உணவகம் அது. ஈறு வலியால் கெட்டி ரொட்டியைக் கடிக்க முடியாத ஒரு வாடிக்கையாளருக்காகத் தாங்களே முதலில் ரொட்டியைச் சாற்றில் நனைத்ததாக அவர்கள் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் கெட்டியான சான்று இல்லை. எனக்கு அந்த வழக்கைவிட இரு கடைகளின் பரிமாறும் முறைதான் முக்கியமாகத் தெரிகிறது. பிலிப்பில் ரொட்டியைத் தோய்த்தே தருகிறார்கள். கோல்ஸில் சாற்றைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கும், தட்டில் இட்லியும் கிண்ணத்தில் சாம்பாருமாக வருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இன்று வட அமெரிக்கா முழுவதும் பெரும்பாலான கடைகள் கிண்ண முறையையே பின்பற்றுகின்றன. கோல்ஸ் மூடப்போவதாக 2025-ல் அறிவிப்பு வெளியாகி, பிறகு தேதி தள்ளிவைக்கப்பட்டது; எனவே திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.

இரண்டாம் படி: பெயர்ப் பட்டியல் தயாரித்தல்

கூகுள் மேப்ஸிலோ யெல்ப்பிலோ ஒரே ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் பாதிக் கடைகள் விடுபட்டுப்போகும். பிரெஞ்சு டிப், பீஃப் டிப், பிரைம் ரிப் சாண்ட்விச், ரோஸ்ட் பீஃப் ஓ ஜூ என்று நான்கு பெயர்களிலும் தனித்தனியே தேடுங்கள். கடைசிப் பெயரில் உள்ள ‘ஓ ஜூ’ என்பதுதான் உணவுப் பட்டியல்களில் சாற்றைக் குறிக்கும் சொல். தேடலில் பாஸ்ட்ராமி டிப் விற்கும் கடைகளும் வந்து கலக்கும். 1951-ல் அல்ஹாம்ப்ரா பகுதியில் தொடங்கிய ‘தி ஹேட்’ அந்த வகையில் பெயர் பெற்றது. பாஸ்ட்ராமி என்பது உப்பிலும் மசாலாவிலும் ஊறவைத்துப் புகையூட்டிய இறைச்சி. அது சுவையானதுதான், ஆனால் வேறு பண்டம். அதைத் தனிப் பட்டியலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் இத்தாலியன் பீஃப் என்ற பெயரில் விற்பதும் சாற்றில் தோய்ப்பதே என்றாலும், மூலிகை வாசனையுள்ள சாறு, ஜார்டினியேரா என்ற காய்கறி ஊறுகாய், தாள் போலச் சீவிய இறைச்சி என அதற்கு வேறு இலக்கணம் உண்டு.

பெயர்கள் சேர்ந்தபின் ஒவ்வொரு கடையின் முழு உணவுப் பட்டியலையும் திறந்து பாருங்கள். சாண்ட்விச் பகுதியைப் பார்ப்பதைவிட இரவு உணவுப் பகுதியைப் பார்ப்பதே இங்கு பயன் தரும். பிரைம் ரிப் எனப்படும் விலா எலும்புப் பகுதி இறைச்சியை வெள்ளி, சனி இரவுகளில் வாட்டி விற்கும் கடையில், மிஞ்சிய இறைச்சியும் தட்டில் வடிந்த சாறும் அடுத்த நாள் சாண்ட்விச்சாக மாறுவது உணவகத் தொழிலின் பழைய வழக்கம். அத்தகைய கடையில் ஞாயிறு மதியம் கிடைக்கும் பீஃப் டிப், அதே கடையில் புதன்கிழமை கிடைப்பதைவிட மேலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாறாக, பட்டியலில் பீட்சா, டாகோ, கோழிச் சிறகு, சாலட் என்று நூறு வகை இருந்து, வாட்டிய இறைச்சி ஒன்றுகூட இல்லாமல் பீஃப் டிப் மட்டும் தனித்து நின்றால், அந்தக் கடையைப் பட்டியலின் அடியில் தள்ளிவிடுங்கள்.

மூன்றாம் படி: விமர்சனங்களையும் படங்களையும் வாசித்தல்

நட்சத்திர மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். வண்டி நிறுத்த இடம் இல்லை என்பதற்காக ஒரு நட்சத்திரமும், பணியாளர் சிரித்துப் பேசினார் என்பதற்காக ஐந்து நட்சத்திரமும் தருகிறவர்களின் சராசரி அது. மேற்சொன்ன இரு தளங்களிலும் ஒரு கடையின் விமர்சனங்களுக்குள் மட்டும் தேடும் வசதி உண்டு. அங்கே பண்டத்தின் பெயரைத் தட்டி, அதைப் பற்றி எழுதியவர்கள் சொன்னதை மட்டும், புதியதிலிருந்து பழையது என்ற வரிசையில் படியுங்கள். சமையல்காரர் மாறினால் பண்டமும் மாறிவிடும் என்பதால் பல ஆண்டுகளுக்கு முந்தைய புகழுரைக்கு மதிப்பில்லை. சாறு வெறும் உப்பாக இருந்தது என்று இரண்டு மூன்று பேர் சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்துங்கள். ரொட்டி ஊறிப்போனது என்ற குறையை மட்டும் நிதானமாக எடைபோடுங்கள், ஏனெனில் அது பார்சல் வாங்கிச் சென்றவரின் குறையாக இருக்கலாம்.

கடை வெளியிடும் படங்களை ஒதுக்கிவிட்டு வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். கிண்ணத்துச் சாற்றின் மேல் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் மின்னினால் நல்லது. காபி டிகாஷன் போன்ற கறுப்பு நிறத்தில், கண்ணாடித் தெளிவோடு, ஒரு துளிக் கொழுப்பும் இல்லாமல் இருந்தால் அது பொடியிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். இறைச்சி இதழ்கள் அளவிலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று சற்று மாறுபட்டிருப்பது முழுத் துண்டிலிருந்து சீவியதற்கு அடையாளம். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே வட்டமாக இருந்தால் பொட்டலத்து இறைச்சி என்று கொள்ளலாம்.

நான்காம் படி: ஒரு தொலைபேசி அழைப்பு

பிற்பகல் மூன்று மணி அளவில் கடைகள் ஓய்வாக இருக்கும், அப்போது அழையுங்கள். இறைச்சியைக் கடையிலேயே வாட்டுகிறீர்களா, எந்தப் பகுதி இறைச்சி என்ற இரு கேள்விகள் போதும். தாமே வாட்டும் கடையில் எடுத்தவரே உற்சாகமாகப் பதில் சொல்வார், அல்லது அடுப்பறையில் இருப்பவரிடம் கேட்டுச் சொல்வார். தொடைப்பகுதியா விலாப்பகுதியா என்பதைவிட, கடைக்காரருக்கு அது தெரிந்திருக்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. எல்லாம் புத்தம்புதியது என்று பொதுப்படையாகச் சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

ஐந்தாம் படி: நேரமும் ஆர்டரும்

வாட்டிய இறைச்சி, நீராவித் தட்டில் சூடாகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஈரத்தை இழந்து சாம்பல் நிறத்துக்கு மாறும். ஆகவே மதிய உணவு தொடங்கும் பதினொன்றரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் செல்லுங்கள். இறைச்சி வேகமாகத் தீரும் கூட்டமான கடையை, காலியான கடையைவிட நம்பலாம்.

எந்தக் கடையிலும் முதல் தடவை சீஸ், வதக்கிய வெங்காயம், குடைமிளகாய் எதுவும் சேர்க்காத அடிப்படை வகையையே கேளுங்கள். சீஸ் கூடாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் உருகிய சீஸ், உலர்ந்த இறைச்சியை எளிதாக மறைத்துவிடும், கடைக்குக் கடை ஒப்பிடவும் முடியாமல் செய்துவிடும். ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான வேரில் செய்த சாஸைத் தனியே ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இருவராகச் சென்று ஒரு சாண்ட்விச்சைப் பகிர்ந்துகொண்டால் ஒரே மதியத்தில் இரண்டு கடைகளைப் பார்த்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம்: சாற்றில் உப்பு அதிகம், மூன்றாவது கடையில் நாக்கு எதையும் பிரித்தறியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிண்ணத்தில் மிஞ்சும் சாற்றைக் குடித்து முடிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் இறைச்சி நம்மவர்களில் பலருக்குத் தயக்கம் தரும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அது ஓவன் சூட்டில் நன்றாக வெந்துவிடுகிறது. மையப்பகுதி 63 டிகிரி செல்சியஸை எட்டி மூன்று நிமிடம் ஆறினால் உண்ணலாம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், நன்கு வெந்த ஓரப்பகுதியிலிருந்து சீவித் தரும்படி கேளுங்கள். கொதிக்கும் சாற்றில் சில நொடிகள் அமிழ்த்தினாலும் சிவப்பு மறைந்துவிடும்.

ஆறாம் படி: சுவைக்கும் முறை

தட்டு வந்தவுடன் ரொட்டியைத் தோய்த்துவிடாதீர்கள். முதலில் சாற்றை ஒரு கரண்டி எடுத்துத் தனியே சுவையுங்கள். நல்ல சாற்றில் முதலில் இறைச்சியின் சுவை வரும், உப்பு அதன் பின்னால் வரும். பொடிச் சாற்றில் உப்பும், பொட்டலச் சூப்பின் வெங்காய வாசனையும் முந்திக்கொள்ளும். உதடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பாருங்கள். லேசாக ஒட்டினால், எலும்பிலும் சவ்விலும் இருந்து கரைந்த ஜெலட்டின் அதில் இருக்கிறது என்று பொருள். கிண்ணத்தில் சிறிதளவு விட்டுவைத்து, ஆறியபின் மீண்டும் பார்த்தால் நல்ல சாறு சற்று தடித்திருக்கும். அதே வேளையில், சூடாக இருக்கும்போதே குழம்புபோலக் கெட்டியாக வந்தால் அதில் மாவு கரைத்திருக்கிறார்கள். அது கிரேவி, வேறு வகை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இளஞ்சிவப்பாக வாட்டும் இறைச்சியிலிருந்து வடியும் சாறு மிகக் குறைவு. நூறு பேருக்குக் கிண்ணம் நிரப்ப அது ஒருபோதும் போதாது. எலும்புகளையும் வெட்டி நீக்கிய ஓரத் துண்டுகளையும் வேகவைத்து எடுத்த ஸ்டாக்குடன் அதைச் சேர்த்து நீட்டிப்பதே நல்ல சமையல்காரர்களின் வழி. எனவே ஸ்டாக் சேர்த்திருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

அடுத்து ஓர் இதழ் இறைச்சியை மட்டும் எடுத்து உண்ணுங்கள். தசை நார் ஓடும் திசைக்குக் குறுக்கே சீவியிருந்தால் இரண்டு மூன்று கடிகளில் கரையும். நாரின் போக்கிலேயே சீவியிருந்தால் எவ்வளவு உயர்ந்த இறைச்சியானாலும் இழுத்துக் கடிக்க நேரும், முதல் கடியிலேயே இறைச்சி முழுவதும் ரொட்டியை விட்டு உருவிக்கொண்டு வரும். ரொட்டியின் ஒரு முனையைத் தோய்க்காமல் கடித்துப் பாருங்கள்: மேலோடு நொறுங்க வேண்டும், உள்பகுதி காற்றறைகளோடு இருக்க வேண்டும். பஞ்சு போன்ற மென்மையான பன் ரொட்டி சாற்றில் பட்டவுடன் கூழாகிவிடும். அளவுக்கு மீறிக் கெட்டியான ரொட்டியோ அண்ணத்தைக் கீறும், சாற்றையும் உறிஞ்சாது.

இதன்பின் தோய்த்து உண்ணுங்கள். இரண்டு நொடி தோய்த்து ஒரு கடி, ஐந்து நொடி தோய்த்து ஒரு கடி என்று மாற்றிப் பார்த்தால் அந்த ரொட்டியின் தாங்கும் திறன் தெரிந்துவிடும். பிலிப்பில் உண்ட நினைவை இங்கே கொண்டுவந்து ஒப்பிடலாம், ஆனால் இறைச்சி எவ்வளவு வெந்திருக்கிறது என்பதை வைத்து ஒப்பிட வேண்டாம். அங்கே நன்கு வெந்த, ஈரமான கவுண்ட்டர் வகை, ஸ்டேக் கடைகளில் இளஞ்சிவப்பான வகை. இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் சாறும் ரொட்டியும்தான்.

உணவுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் இத்தேடலில் துணையாக மட்டும் வர வேண்டும் என்பதில்லை. பிலிப் உள்ளிட்ட சில கடைகளில் ஆட்டுக்குட்டி, வான்கோழி, பன்றி இறைச்சிகளிலும் டிப் உண்டு. ஆட்டிறைச்சி டிப்புக்கென்றே வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த இறைச்சியைக் கேட்டாலும் ரொட்டியை ஒரே பொதுச் சாற்றில் தோய்த்துவிடக்கூடும் என்பதால், தோய்க்கும் சாறு எதிலிருந்து எடுத்தது என்பதை முன்கூட்டியே கேட்டு, வேண்டாம் என்றால் தோய்க்காமல் தரச் சொல்லுங்கள். ஹலால் உணவு உண்பவர்கள் இறைச்சியோடு நிறுத்தாமல், சாற்றில் சிவப்பு ஒயின் சேர்க்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும். சாற்றில் சேர்க்கும் வூஸ்டர்ஷயர் சாஸில் பொதுவாக நெத்திலி வகை மீனும், சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமையும் உண்டு என்பதை ஒவ்வாமை உள்ளவர்கள் நினைவில் கொள்ளுங்கள்.

ஏழாம் படி: குறித்துவைத்தலும் மறுமுறை செல்லுதலும்

கடையை விட்டு வந்ததும், வண்டியில் அமர்ந்தபடியே, சாறு, இறைச்சி, ரொட்டி, விலை, சென்ற கிழமை, நேரம் ஆகியவற்றைக் கைப்பேசியில் எழுதிவையுங்கள். பத்து மதிப்பெண் கணக்கைவிட ஒரு வரி விவரம் பின்னால் அதிகம் உதவும். முதலிடத்துக்குப் போட்டியிடும் இரண்டு கடைகளுக்கு மட்டும், வேறொரு கிழமையில், வேறொரு நேரத்தில் இன்னொரு முறை செல்லுங்கள். ஞாயிறு மதியம் அற்புதமாக இருந்த சாறு செவ்வாய் இரவில் நீர்த்திருந்தால், அந்தக் கடையை ஞாயிற்றுக்கிழமைக் கடை என்று குறித்துக்கொள்ளலாம். பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதில்லை.

பார்சல் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ரொட்டி, இறைச்சி, சாறு மூன்றையும் தனித்தனியே கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து ரொட்டியை மட்டும் ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் நான்கைந்து நிமிடம் சூடாக்கி, சாற்றை அடுப்பில் கொதி வரும்வரை காய்ச்சி, இறைச்சியை அதில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து அடுக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் இறைச்சி தோலாகவும் ரொட்டி ரப்பராகவும் மாறிவிடும்.